உள்ளூரில் பெறப்பட்டது

என் எம்.இ. ஆய்வேட்டில் ஒரு வரி உண்டு: ‘தென்னை நார் உள்ளூரில் பெறப்பட்டது.’ அந்த உள்ளூர், என் பாட்டி.

தேங்காப்பட்டணம் பக்கம் ஏ.வி.எம். கால்வாயில் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த கதம்பைகளைக் கட்டையால் அடித்து நார் பிரிப்பாள். ஊறல் நாற்றம் அவள் சேலையிலும் கையிலும் எப்போதும் இருக்கும். பள்ளி ஆண்டுவிழாவுக்கு வர வேண்டாம் என்று ஒருமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கோவையில் படித்தபோது, பாலியெஸ்டர் பிசினில் தென்னை நார் சேர்த்துப் பலகை செய்வது என் புராஜெக்ட். நாரை முதலில் 5 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பேன். மேலே படிந்த மெழுகும் ஹெமிசெல்லுலோஸில் ஒரு பகுதியும் கரைந்துபோகும். நார் சொரசொரப்பாகும், பிசின் பிடித்துக்கொள்ளும். பிறகு கழுவி, சில துளி அசிட்டிக் அமிலம் விட்டு, காயவைத்து, அச்சில் வார்க்க வேண்டும்.

டென்சைல் டெஸ்ட்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஊறவைக்காத நார் போட்ட துண்டு உடைந்தபோது நார்கள் அப்படியே உருவிக்கொண்டு வந்தன. எதிர்ப்பக்கம் வெறும் ஓட்டைகள். சில மணிநேரம் ஊறிய நார் பிசினோடு சேர்ந்தே அறுந்தது. வலிமை கூடியிருந்தது. இன்னும் ஊறினால் இன்னும் கூடும் என்று இரண்டு நாள் போட்டுவைத்தேன். எண்கள் சரிந்தன. காரம் லிக்னினையும் அரித்து நாரையே பலவீனமாக்கியிருந்தது.

லீவில் போனபோது பாட்டியிடம் சொன்னேன். கயிறு திரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

“பதம் தப்பினா நாரு செத்துப்போவும் மக்ளே. இதுக்கா ரெண்டு மாசம் மெனக்கெட்ட? எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா.”

பிறகு ஒரு நாரை இழுத்துக் காட்டினாள். “பாரு, நீளும். சட்டுனு அறாது.”

அது உண்மை. தென்னை நாருக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகள் நேராக ஓடாமல் சுமார் 30 முதல் 45 பாகை சாய்ந்து சுற்றியிருக்கும். அதனால் சணலின் வலு அதற்கு இல்லை; ஆனால் சணலைவிடப் பலமடங்கு நீண்ட பிறகே அறும். இதை நான் புத்தகத்தில் படித்தேன். அவளுக்கு விரலில் தெரியும்.

வைவாவில், “நார் எங்க வாங்கின?” என்று கேட்டார்கள். “லோக்கல்ல சார்” என்றேன். பாட்டி என்று சொல்ல நாக்கு எழவில்லை. மதிப்பெண் நன்றாகவே வந்தது.

பாட்டி போய்விட்டாள். ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது, அந்த வரியை இனித் திருத்த முடியாது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். நார் பெற்றது பாட்டியிடம். பதம் சொன்னதும் அவள்தான்.