நயினைக்கு வந்த பாரிசுப் பரிமளம்

கண்ணாற் கண்டதை ஓவியமாகத் தீட்டலாம். செவியாற் கேட்டதை ஒலிப்பதிவு செய்யலாம். நாவாற் சுவைத்ததையுங்கூடப் பக்குவம் எழுதி வைத்து மறுமுறை சமைத்துக் கொள்ளலாம். மூக்கு நுகர்ந்ததை எடுத்து வைப்பதற்கு மட்டும் நம்மிடம் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. மணத்தைக் குறிக்க வேண்டுமாயின் வேறொரு பொருளின் பெயரை இரவல் வாங்குகிறோம்: மல்லிகை மணம், மண் மணம், மீன் மணம் என்கிறோம். இதனை ஒரு குறையாக நான் நெடுங்காலம் எண்ணியதில்லை. கடந்த ஆனி மாதம் நயினாதீவிலே, எங்கள் வீட்டுத் திண்ணையில், விரலளவான ஒரு கண்ணாடிக் குப்பியை நடுவில் வைத்து நிகழ்ந்த உரையாடலே என்னை இதுபற்றிச் சிந்திக்கத் தூண்டியது.

நாகபூசணி அம்மன் கோவில் மகோற்சவத்திற்காக என் மருமகள் பாரிசு நகரிலிருந்து வந்திருந்தாள். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதியைப் போர் சூழ்ந்தபோது, நான்கு வயதுக் குழந்தையாகத் தாயின் இடுப்பிலிருந்து ஊரைப் பிரிந்தவள் அவள். குறிகட்டுவானில் வள்ளம் ஏறியது முதல் அவள் மூச்சை ஆழ இழுத்து இழுத்து விடுவதை நான் கவனித்துக் கொண்டிருந்தேன். டீசற் புகை, உப்புக் காற்று, அடியார்களின் கூந்தலிற் கசங்கிய மல்லிகை, வியர்வை, நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரின் கையிலிருந்த ஊதுபத்திக் கட்டு என்பனவெல்லாம் ஒன்றாய்க் கலந்திருந்தன.

"இதுதானே மாமா எங்கட ஊர் மணம்?" என்று கேட்டாள்.

"இது வள்ளத்தின்ர மணம், பிள்ளை. ஊர் இனித்தான் வரும்" என்றேன். விடை சொல்லிவிட்டேனேயன்றி, ஊரின் மணம் யாதென்று அவள் மீண்டும் கேட்டிருந்தால் என்னால் விளக்கியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் அம்மம்மாவின் கையில் அந்தக் குப்பியைக் கொடுத்தாள். 'திரயீ' என்பது அப்பரிமளத்தின் பெயர். கல்கத்தாவிற் பிறந்து பாரிசிலே வாழும் நீலா வெர்மேர் என்னும் பெண்மணி, பெர்த்ரான் துஷோஃபூர் என்ற வாசனைக் கலைஞரைக் கொண்டு ஆக்குவித்து 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்று பரிமளங்களுள் இஃதொன்று. திரயீ வேதகால இந்தியாவையும், மோகூர் மொகலாயர் காலத்தையும் அதன் பின் வந்த ஆங்கிலேயர் காலத்தையும், பம்பாய் பிளிங் இன்றைய நகர வாழ்வையும் நினைவூட்டுமாறு அமைக்கப்பட்டவை. ஏலம், கறுவா, குங்குமப்பூ, மல்லிகை, வெட்டிவேர், சந்தனம், வேள்விப்புகையை ஒத்த தூபமணம் ஆகியன திரயீயிலே கூடியுள்ளன. பெருநிறுவனங்களின் விளம்பரப் பெருக்கில் அகப்படாது, குறைந்த அளவில், ஒரு தனிக் கருத்தை முன்வைத்து ஆக்கப்படும் இத்தகைய பரிமளங்கள் மேலைநாடுகளில் இன்று பெருகி வருகின்றன. இந்தியத் தாய்க்குப் பிறந்த பென் கோரம் 2006 இல் சுவீடனின் தலைநகரில் நிறுவிய பைரீடோ என்னும் இல்லம், அவர் தாயின் ஊராகிய பம்பாயின் செம்பூரை நினைந்து ஒரு தூபப் பரிமளத்தையே ஆக்கியது.

இந்தியாவைக் குப்பியில் அடைக்கும் ஆசை ஐரோப்பியருக்குப் புதியதன்று. கெர்லேன் நிறுவனம் லாகூர்ப் பூங்காவின் பெயரைச் சூட்டி 'ஷாலிமார்' என்ற பரிமளத்தை 1925 இற் பாரிசுக் கண்காட்சியில் வைத்தது. அங்கே இந்தியா என்பது ஓர் அரசனின் காதற்கதை. தொலைவிலிருந்து கண்ட கனவு. இப்போது வருவனவற்றுட் சில, அம்மண்ணிற் பிறந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் தம் நினைவைக் கூறுவனவாக உள்ளன. இவ்வேறுபாடு சிறிதன்று.

நாமும் இத்துறைக்கு முற்றிலும் அந்நியரல்லர். பாரிசு வாசனைக் கடைகளில் வழங்கும் 'வெட்டிவர்' என்ற பிரெஞ்சுச் சொல் நம் வெட்டிவேரேயாகும். 'பச்சுலி' என்பதும் பச்சை இலை என்னும் தமிழ்த்தொடரின் திரிபென்றே பலராலும் கொள்ளப்படுகிறது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீர், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீர் என்று கூறப்படுகிறது. அவை இன்னின்ன பொருள்கள் என உரையாசிரியர் அடியார்க்குநல்லார் எண்ணித் தொகுத்துக் காட்டுகிறார். ஒரு பெண்ணின் கூந்தலுக்கு நாற்பத்தேழு பொருள்கள்! இன்றைய பாரிசுக் கலைஞன் தன் மேசையில் அடுக்கி வைத்திருக்கும் குப்பிகளை அப்பட்டியல் நினைவூட்டவில்லையா?

எங்கள் தீவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு எனலாம். நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு பணிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிய கலம் உடைந்தால் நான்கிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும், வாணிபச் சரக்கேற்றிய கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கும் உரியனவென விதிக்கிறது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. அக்காலத் தமிழ் வணிகர் மணப்பொருட்களை எத்துணை மதித்தனர் என்பதைச் சுமாத்திராவில், கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற பாருஸ் துறையிற் கிடைத்த 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உணர்த்தும். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிக கணத்தார் பொறித்த அதிலே, கலத்தில் வருவோர் செலுத்த வேண்டிய ஆயம் கஸ்தூரியின் விலையைக் கொண்டு பொன்னாகக் கணிக்கப்பட்டுள்ளது. பொன்னை மணத்தால் அளந்த காலம் அது.

இவ்வாறு நான் என் மருமகளுக்குச் சிறியதொரு விரிவுரையே நிகழ்த்தினேன். ஆசிரியத் தொழிலின் குற்றம் அது. அம்மா இதற்குள் குப்பியின் மூடியைத் திறந்து, புறங்கையில் ஒரு துளி தேய்த்து, கண்களை மூடி நெடுநேரம் மணந்து கொண்டிருந்தார்.

"கோயில் மணக்குது" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா ஆக்கள் இல்லாத கோயில்" என்றார்.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. பரிமளக் கலைபற்றி அவருக்கு எதுவும் தெரியாது. எனினும் அவ்வொரு வாக்கியத்தில் இருந்த மதிப்புரை என் விரிவுரையிலே இல்லை.

மருமகள் விடவில்லை. அங்கே கேட்டபடி கலந்து கொடுக்கும் கலைஞர்கள் உளர் என்றும், ஊரின் மணத்தை ஒருவரிடம் ஒப்புவித்து ஒரு குப்பியாவது செய்விக்க வேண்டும் என்பது தன் நெடுநாளைய ஆசை என்றும் கூறினாள். இது வீண் ஆசையுமன்று. கன்னோசியில் வறண்ட மண்ணைச் சுட்டுச் செப்புப் பானையிலிட்டு வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி 'மிட்டி அத்தர்' செய்கின்றனர். முதல் மழையின் மணம் அதிலே இருக்கும். அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பெயாரும் தாமசும் 1964 இல் அம்மணத்துக்குப் 'பெட்ரிகோர்' எனப் பெயரிட்டபோது, உத்தரப்பிரதேசத்தாரின் இம்முறை தமக்கு முற்பட்டதென்பதையும் குறித்தனர். மழை மணத்தைப் பிடிக்க முடியுமாயின், ஐப்பசியின் முதல் மழையில் நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகள் விடும் மூச்சை ஏன் பிடிக்க முடியாது?

"அம்மம்மா, எங்கட வீடு முந்தி என்னென்ன மணந்தது? சொல்லுங்கோ, எழுதிறன்" என்று தாளும் பேனாவுமாக அமர்ந்தாள்.

அம்மா சொல்லலானார். முற்றத்துப் பாயிற் காயும் ஒடியல், புழுக்கொடியல் அவியும் பானை, பனம்பழம் சுடும் நெருப்பு, மழைக்காலத்து ஆட்டுப்பட்டி, மண்ணெண்ணெய் விளக்கு, வெயிலிற் கிடந்த வலை, அப்புவின் சுருட்டு, பாரைக் கருவாடு, திருக்கைக் கருவாடு. சந்தனமும் சவ்வாதும் அவர் பட்டியலில் வரவேயில்லை. கருவாட்டிலே மருமகளின் பேனா நின்றது.

"கருவாட்டை எப்பிடி அம்மம்மா குப்பிக்குள்ள அடைக்கிறது? நாறுமே!" என்று சிரித்தாள்.

அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. 'நாறும்' என்ற சொல் என்னை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு அப்பால் இழுத்துச் சென்றுவிட்டது.

1979 ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாண நகரத்து விடுதி ஒன்றில் தங்கிப் படித்துக் கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து திரும்புகையில் அம்மா தம் கையாற் காய வைத்த கருவாட்டை உமலிற் கட்டித் தந்தனுப்புவார். முதல் முறை அதனைக் கொண்டு சென்றபோது உடன் பயின்றோர் மூக்கைப் பொத்தினர். அன்றிலிருந்து எனக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. அதனை இங்கு எழுத இன்றும் மனம் கூசுகிறது. அடுத்த விடுமுறை முடிந்து புங்குடுதீவுக்கு வள்ளத்திற் கடக்கையில், எவரும் பாராத வேளையில், உமலைக் கவிழ்த்துக் கருவாடு முழுவதையும் கடலிற் கொட்டினேன். பின்னர் விடுதிக் கிணற்றடியில் வாசனைச் சவர்க்காரம் போட்டு உமலைத் தேய்த்துக் கழுவினேன். அடுத்த முறை ஊர் சென்றபோது வெறும் உமலை அம்மாவிடம் கொடுத்து, கருவாடு நன்றாயிருந்தது என்றும் சொன்னேன். படித்து முடிக்கும் வரையும் அதனையே செய்தேன்.

'நாற்றம்' என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்துக்கும் உரியதாயிருந்தது. ஐம்புலன்களை எண்ணுமிடத்துத் திருக்குறளும் அச்சொல்லையே ஆளுகிறது. காலப்போக்கில் அது இழிந்து தீய மணத்தை மாத்திரம் குறிக்கலாயிற்று. இதனை 'இழிபொருட்பேறு' எனக் கரும்பலகையில் எழுதி மாணவர்க்கு விளக்குவது எளிது. ஆனால் சொல் இழிந்ததோடு மனிதரும் இழிக்கப்பட்டனர் என்பதை நாம் சொல்வதில்லை. நம் சமூகத்தில் எவன் நாறுகிறான், எவன் மணக்கிறான் என்று தீர்ப்பளித்தது மூக்கன்று, சாதியும் வசதியுமே. கடலிலும் வெயிலிலும் உழைத்தவனின் உடல் மணம் நாற்றமாயிற்று. அவன் உழைப்பில் உண்டவனின் சந்தனப் பூச்சு மணமாயிற்று.

இயற்கை இப்பாகுபாட்டை அறியாது. மல்லிகையின் மணத்துக்கு உயிர் கொடுக்கும் பொருள்களுள் ஒன்றான இந்தோல் என்பது மலத்திலும் உள்ளது. அளவு மிகின் அருவருப்பு, நுண்ணிதாயின் நறுமணம். அரசர் விரும்பிய அம்பர், திமிங்கிலத்தின் குடலில் விளைந்து கடலில் ஒதுங்கும் கழிவு. புழுகு ஒரு பூனையின் சுரப்பி நீர். இவற்றையெல்லாம் ஏற்ற வாசனைக் கலை, கருவாட்டின் முன் மட்டும் தயங்குவானேன்?

குப்பியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அஃது அழகிய ஆக்கம். நானும் மணந்து மகிழ்ந்தேன். அக்குப்பி வந்திராவிடின் ஒரு பேத்தி தன் பாட்டியிடம் இக்கேள்வியைக் கேட்டிருக்கவும் மாட்டாள். ஆனால் பண்பாடு என்றதும் வேள்வியும் அரண்மனையும் பூந்தோட்டமுமே நினைவுக்கு வருவது பாரிசுக் கலைஞர்களின் குறை மட்டுமன்று. நாம் நம்மைப் பிறருக்கு அவ்வாறுதானே காட்டி வந்திருக்கிறோம்? பட்டியலில் எதை எழுதுவது, எதை விடுவது என்று முதலில் தீர்மானிப்பவர்கள் நாமே. பன்னிரண்டு வயதில் நான் செய்ததும் அதுவே.

அன்றிரவு, மருமகள் உறங்கிய பின், நாற்பத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லாததை அம்மாவிடம் சொன்னேன். அவர் வியப்புறவில்லை.

"எனக்குத் தெரியும், மோனை" என்றார். "கருவாடு கொண்டுபோன உமல் சவுக்காரம் மணக்குமோ?"

"தெரிஞ்சும் ஏன் அம்மா ஒவ்வொரு முறையும் தந்தனீங்கள்?"

"ஒருநாளைக்கெண்டாலும் சாப்பிடுவாய் எண்டுதான்."

இதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. பேச இயலவில்லை என்பதே உண்மை.

தீர்த்தம் முடிந்து மருமகள் புறப்படும் நாள் வந்தது. திரயீக் குப்பியை அம்மா சுவாமித் தட்டிலே திருநீற்றுக் குடுவையின் அருகில் வைத்துக் கொண்டார். மருமகளின் தாளில் 'கருவாடு' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடுகள் இடப்பட்டிருந்தன. அம்மா பாரைக் கருவாட்டை உமலிற் கட்டி என்னிடம் நீட்டினார். அதனைக் குறிகட்டுவான் வரைக்கும் நானே என் மடியில் வைத்துக் கொண்டு சென்றேன். வள்ளத்தில் அருகே இருந்த ஒருவர் மூக்கைச் சுளித்து எழுந்து அப்பால் அமர்ந்தார். நான் உமலை இன்னும் சற்று இறுகப் பிடித்துக் கொண்டேன்.