பத்து மாத வீடு

மரத்தளத்தில் இரண்டு நாற்காலிகள், ஒரு ஜெரேனியத் தொட்டி, நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சோபா, டிவி, பேரப்பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் எடுத்துக்கொண்ட படங்கள். வழியில் போகிறவர் யாராக இருந்தாலும் இதை வீடு என்றுதான் சொல்வார். கொஞ்சம் குனிந்தால் விஷயம் தெரியும். தரைக்கும் தளத்துக்கும் நடுவே, செங்கல் சுவர் மாதிரி அச்சிட்ட பிளாஸ்டிக் தட்டிகள் சுற்றிலும் மறைத்திருக்கின்றன. ராத்திரி அடித்த காற்றில் ஒன்று பெயர்ந்துவிட்டது. உள்ளே இரும்புச் சட்டம். அதற்குக் கீழே ஒரு சக்கரம், காற்று இறங்கி, பாசி பிடித்து.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், யார்க்‌ஷயரின் ஹார்ன்சி ஊருக்கு வடக்கே இருக்கும் ஒரு ஹாலிடே பார்க் இது. கடலைப் பார்த்து வரிசை வரிசையாக ஸ்டாட்டிக் கேரவன்கள், அதாவது ஓரிடத்திலேயே நிறுத்திவைக்கும் சக்கர வீடுகள். அவற்றுக்குப் பின்னால், கொஞ்சம் காசுள்ளவர்களுக்காக, லாட்ஜுகள். தொழிற்சாலையில் இரண்டு பாதிகளாகச் செய்து, இரண்டு லாரிகளில் ஏற்றிவந்து, இங்கே போல்ட் போட்டு ஒன்றாக்குவார்கள். உள்ளே இரண்டு படுக்கையறை, குளியலறை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. 20 மீட்டர் நீளத்துக்கும் 6.8 மீட்டர் அகலத்துக்கும் உட்பட்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் அதுவும் கேரவன்தான். வாங்கியவருக்குச் சொந்தம் அந்தப் பெட்டி மட்டும். அது நிற்கும் இடம் பார்க் முதலாளியுடையது. அதற்கு ஆண்டுதோறும் சைட் ஃபீ, பல ஆயிரம் பவுண்டு.

மூலை லாட்ஜ்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஹல் நகரத்துக் கேரவன் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இந்த நாட்டில் ஸ்டாட்டிக் கேரவன் தொழிலுக்கு ஹல்லும் அதன் சுற்றுவட்டாரமும்தான் தாய்வீடு. ஆயுள் முழுக்க அடுத்தவர் விடுமுறைக்குப் பெட்டி செய்தவர், கடைசியில் அதே பெட்டியில் குடியேறியிருக்கிறார். பெயர்ந்த தட்டியை அவர்தான் திரும்ப மாட்டுகிறார். சக்கரத்தை ஒருமுறை பார்க்கிறார், தட்டியை அழுத்திப் பொருத்துகிறார், முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுகிறார்.

காலை ஏழுக்கு நாயோடு நடை. எட்டுக்குத் தேநீர். கேஸ் தீர்ந்துவிட்டால் டிரெஸ்ஸிங் கவுனோடு வெளியே வந்து, பின்பக்கம் நிற்கும் இரண்டு 47 கிலோ சிலிண்டர்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நெம்புகோலைத் திருப்பிவிட்டுப் போகிறார். பத்து மணிக்கு அவர் மனைவி தபால் கேட்டு அலுவலகத்துக்குப் போகிறாள். "மார்னிங், லவ்" என்கிறாள் வரவேற்பில் இருக்கும் பெண். தபால் வந்ததில்லை. வங்கிக் கடிதம், ஓய்வூதியக் காகிதம் எல்லாம் வேக்ஃபீல்டில் இருக்கும் மகள் வீட்டுக்குத்தான் போகும். ஆனாலும் தினம் கேட்கிறாள். பத்து நிமிடம் பேசிவிட்டு வருகிறாள்.

வரவேற்பு மேஜையில் ஒரு பதிவேடு இருக்கிறது. 'விடுமுறைக்கு மட்டும், யாருக்கும் முதன்மை வசிப்பிடமாக அல்ல' என்பது இத்தகைய பார்க்குகளுக்குத் திட்ட அனுமதி தரும்போது உள்ளாட்சி போடும் வழக்கமான நிபந்தனை. எனவே ஒவ்வொரு லாட்ஜுக்கும் எதிரே, உண்மையான வீடு எங்கே என்று எழுதியிருக்க வேண்டும். இவர்களுக்கு நேரே மகள் வீட்டு முகவரி. அந்த வீட்டில் இவர்களுக்கு உள்ளது மாடியில் ஒரு சின்ன அறை. முகவரி கேட்கிறவளுக்கும் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும்.

ஆகஸ்டில் பார்க் நிரம்பி வழியும். லீட்ஸிலிருந்தும் பார்ன்ஸ்லியிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கும். கிளப்பில் பிங்கோ, நீச்சல் குளத்தில் கூச்சல், எங்கும் சிப்ஸ் வாசனை. சைக்கிளில் வந்த ஒரு பையன் மரத்தளத்துக்கு எதிரே காலை ஊன்றி நிற்கிறான்.

"எத்தனை நாளைக்கு வந்திருக்கீங்க, மிஸ்டர்?"

"மார்ச்சில் வந்தோம்."

பையன் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறான். "அவ்வளவு பெரிய லீவா!"

கிழவர் சிரிக்கிறார். மனைவி செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்புகிறாள்.

மாலையில் நாய் கிழவரைக் கடலோரக் குன்றின் விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போகும். குன்று என்றால் பாறை அல்ல. பனியுகம் விட்டுப்போன களிமண். ஹோல்டர்னஸ் கரை என்று பெயர். சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மீட்டர் அளவு கடல் இதைத் தின்கிறது. ரோமர் காலத்திலிருந்து இந்தக் கரையில் சுமார் முப்பது ஊர்கள் தண்ணீருக்குள் போயிருக்கின்றன. விளிம்பில் கம்பி வேலி. அதற்கு அப்பால், பழைய முன்வரிசைக் கேரவன் ஒன்று நின்ற கான்கிரீட் தளம் பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. களிமண்ணிலிருந்து ஒரு கழிவுநீர்க் குழாய் எட்டிப் பார்க்கிறது. அங்கே நின்ற கேரவனை டிராக்டர் கட்டிப் பின்வரிசைக்கு இழுத்துவிட்டார்கள். கல்லில் கட்டிய வீடு என்றால் கடலுக்குக் கொடுத்திருக்க வேண்டியதுதான். இங்கே சக்கரம் காப்பாற்றியது.

அடுத்த வரிசையில் ஒரு விதவை. கணவர் போன பிறகு ஊர்வீட்டை விற்று, கடன் அடைத்து, மீதியில் லாட்ஜ் வாங்கியவள். பதிவேட்டில் தங்கையின் முகவரி. விற்பனைக்காரர் சமையலறையைக் காட்டினார், கடலைக் காட்டினார், ஒப்பந்தத்தை மேஜையில் வைத்தார், கையெழுத்துப் போட்டாள். நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்ற பார்க் வீடுகளில் இருப்பவர்களுக்கு 1983-ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. விடுமுறை உரிமத்தில் இருப்பவளுக்கு அது இல்லை. நவம்பர் தொடங்கியதும் அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும்: ஜனவரியில் எங்கே போவது? தங்கை வீட்டில் எத்தனை வாரம், ஸ்பெயினில் மலிவான அறை எத்தனை வாரம்?

ஜனவரி முதல் வாரம் பார்க் மூடுகிறது. மார்ச் முதல் தேதி வரை யாரும் தங்கக் கூடாது. கிழவர் ஒரு நாள் முழுக்க இதற்காக ஒதுக்குகிறார். முதலில் தண்ணீர் வால்வை மூடுகிறார். குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறார். லாட்ஜுக்கு அடியில் படுத்து வடிகுழாய்களின் மூடிகளைக் கழற்றுகிறார். தண்ணீர் சுரத்தில்லாமல் புல்லில் வடிகிறது. தண்ணீர் உள்ளே தங்கி உறைந்தால் குழாய் வெடிக்கலாம். மிச்சத்தை வாயால் ஊதி வெளியேற்றுகிறார். கழுவுதொட்டியிலும் கழிப்பறையிலும் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுகிறார். மனைவி மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைக்கிறாள், அலமாரிக் கதவுகளைத் திறந்துவிடுகிறாள், ஈரத்தை இழுக்கட்டும் என்று அறைக்கு ஒரு கிண்ணம் உப்பு வைக்கிறாள். ஜெரேனியத் தொட்டி காருக்குள் போகிறது. அடுத்து நாய். பேரப்பிள்ளைகளின் படங்களை மட்டும் அவள் எடுப்பதில்லை.

கிழவரும் மனைவியும் ஏமாந்தவர்கள் அல்ல. பெட்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் என்பதும், விற்றால் கமிஷன் என்று ஒரு பங்கு பார்க்குக்குப் போகும் என்பதும் தொழிற்சாலைக்காரருக்கு வாங்கும்போதே தெரியும். பத்து மாதக் கடலுக்கு இரண்டு மாத மாடியறை என்று கணக்குப் போட்டுத்தான் வந்தார். அந்தக் கணக்கு அவருக்குச் சரிப்பட்டது, ஏனென்றால் போவதற்கு ஒரு மாடியறை இருக்கிறது. அடுத்த வரிசை விதவைக்கு அது இல்லை. அதே லாட்ஜ், அதே கடல், அவளுக்கு வேறு விலை.

உரிமம் எந்த ஆண்டு முடிகிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அந்த ஆண்டு வந்துவிட்டால் பார்க் நீட்டித்துத் தர வேண்டிய கட்டாயமில்லை. பெட்டியைக் கிளப்பிக்கொண்டு போவது வாங்கியவர் பாடு. கடலோரத்தில் வயதான காலத்தைக் கழிக்க லாட்ஜ் பார்க்கப் போகிறவர்கள், சமையலறையைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பார்க்கட்டும். பிறகு ஜனவரிக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று யோசிக்கட்டும். இரண்டுக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.