ஆயாவுக்கு ஒரு நாற்காலி

அரூர் பஸ் ஸ்டாண்டில் தீர்த்தமலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அடிக்கும் வாசனை உங்களுக்கு மறந்திருக்காது. வறுத்த கடலை, பூக்காரம்மாவின் கூடையில் நனைந்த சாக்கு, சந்தைக்கு இறங்கிய புளி மூட்டை, டீசல் புகை எல்லாம் ஒன்றாய்க் கலந்து வரும். மாசி மாதத்தில் கற்பூரமும் சேர்ந்துகொள்ளும். பஸ் ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் புளியமரம், குச்சிக்கிழங்குக் காடு, அங்கங்கே மாந்தோப்பு. கொஞ்ச தூரத்திலேயே மலை தலையைக் காட்டிவிடும். என் பாட்டி, எங்களுக்கு ஆயா, ஓடுகிற பஸ்ஸிலேயே எழுந்து நின்று, கம்பியை ஒரு முழங்கையால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுவாள். "ஒக்காரும்மா, உழுந்துருவ" என்று கண்டக்டர் சத்தம் போடுவார். அவள் கும்பிட்டு முடித்த பிறகுதான் உட்காருவாள்.

வீட்டில் மலைக்குப் போவதென்றால் முதல் நாள் இரவே அடுப்படி விழித்துக்கொள்ளும். புளியைக் கரைத்து வைக்கும் சத்தம், கடுகு வெடிக்கும் சத்தம், அம்மியில் வரமிளகாய் நசுங்கும் சத்தம். சாமைச் சோற்றில் புளியைக் கிளறி, வாழையிலையில் கட்டி, வெள்ளைத் துண்டில் முடிந்து வைப்பார்கள். விடியும்போது அந்தத் துண்டு முழுக்க நல்லெண்ணெய் வாசனை. கேவுரு களி கிண்டுகிற வீட்டில் அன்றைக்கு மட்டும் களி கிடையாது என்பதே எங்களுக்குப் பாதித் திருவிழா.

நேராக மலைக்குப் போய்விடக் கூடாது என்பது ஆயாவின் கணக்கு. முதலில் அனுமந்தீர்த்தம், அப்புறம்தான் தீர்த்தமலை. ராவணனைக் கொன்றுவிட்டுத் திரும்பிய ராமர் தீர்த்தமலையில் சிவபூஜைக்கு உட்கார்ந்தாராம். கங்கைத் தண்ணி கொண்டுவரப் போன அனுமார் வர நேரமாகிவிட்டதாம். ராமர் பாறையில் அம்பு விட, அங்கேயே தண்ணீர் பீறிட்டதாம். தாமதமாக வந்த அனுமார் கோபத்தில் வீசிய கங்கை, தென்பெண்ணைக் கரையில் போய் விழுந்தது, அதுதான் அனுமந்தீர்த்தம் என்று முடிப்பாள். ஒவ்வொரு தடவையும் அனுமாருக்காக அவள் பரிந்து பேசுவாள். "அவ்ளோ தூரம் போயிட்டு வர்றவனுக்கு லேட்டாவாதா? கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல சாமி?" ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடும். ஈரத் துணியோடு கரையேறி, உள்ளங்காலில் மணல் ஒட்ட ஒட்ட, மறுபடி பஸ் பிடித்து மலையடிவாரம் வந்து சேர்வோம்.

அடிவாரத்திலும் ஒரு கோயில் உண்டு. அங்கே விழுந்து கும்பிட்டுவிட்டுப் படியில் கால் வைக்கிறோம். இதோ, நீங்கள் எனக்கு இரண்டு படி முன்னால் போகிறீர்கள். கையில் கொம்பு. குரங்குகளுக்குப் பயந்து சோற்று மூட்டையைப் பெரியவர்கள் மடியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கல் சூடேறுவதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும். வழியில் மோர்க்காரர், வெள்ளரிப் பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தடவித் தரும் அம்மா, மண்டபத் தூணில் சாய்ந்து மூச்சு வாங்கும் கல்யாண ஜோடி. யாரென்றே தெரியாதவர்கள் "இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வருகிறார்கள். ஆயா அவர்களிடம் ஊர், பேர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவாள். அவளோடு ஏறினால் நேரமாகும். அந்த நேரத்தில்தான் எனக்கு மனிதர்கள் தெரிந்தார்கள்.

மேலே தீர்த்தகிரீஸ்வரர், வடிவாம்பிகை. ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று ஐந்தையும் ஆயா விரல் விட்டு எண்ணுவாள். அருணகிரிநாதர் இந்த மலைக்கும் திருப்புகழ் பாடியிருக்கிறார் என்று வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆயாவுக்குத் தண்ணீர்தான் எல்லாம். ராமர் தீர்த்தத்தில் பாறை உச்சியிலிருந்து விழும் அந்தத் தண்ணீருக்குக் கீழே என்னைத் தலையை அமுக்கி நிறுத்துவாள். உச்சந்தலையில் முதல் துளி விழும்போது மூச்சு நின்று திரும்ப வரும். வெயில் காலத்திலும் அப்படியொரு குளிர்ச்சி. மூலிகை மலைத் தண்ணி, சீக்கு அண்டாது என்று சொல்லிச் சொல்லி, தன் முந்தானையாலேயே துவட்டிவிடுவாள். அந்த ஈர நூல்சேலையின் வாசனையும் திருநீற்று வாசனையும் இப்போது எழுதும்போதும் வருகின்றன.

பிறகு அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. களை எடுத்தும் நாற்று நட்டும் வாழ்நாளில் பாதியைக் குனிந்தே கழித்த உடம்பு. முதலில் பாதி மலைவரை வந்தாள். அடுத்து முதல் மண்டபம்வரை. அப்புறம் அடிவாரக் கோயில் திண்ணையோடு நின்றுவிட்டாள். வராமல் மட்டும் இருக்க மாட்டாள். அதே சாமைச் சோறு, அதே அனுமந்தீர்த்தம், அதே பஸ் கும்பிடு. நாங்கள் மேலே போய் வரும்வரை சோற்று மூட்டைக்குக் காவல். கையில் பித்தளைச் சொம்பைக் கொடுத்து அனுப்புவாள். தளும்பாமல் அதை இறக்கிக் கொண்டுவருவது என் வேலை. வாங்கியதும் கொஞ்சம் குடித்துவிட்டு, மீதியை இரண்டு முட்டியிலும் தடவிக்கொண்டே விசாரணை நடக்கும். "தண்ணி பெருசா உழுதா, நூலாட்டம் உழுதா? குருக்கள் பூ குடுத்தாரா? கௌரி தீர்த்தத்துக்குப் போனியா, இல்ல வெளையாடிட்டு வந்துட்டியா?" ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் கண்ணை மூடிக்கொண்டு படிப்படியாக ஏறிக்கொண்டிருப்பாள்.

பழனிக்கு ஒரு தடவை அழைத்துப் போனார்கள். அங்கே 1966-லிருந்தே விஞ்ச் ஓடுகிறது. தண்டவாளத்தில் பெட்டியை வைத்து இரும்புக் கயிற்றால் மலைமேல் இழுப்பார்கள். ஆயாவும் ஏறினாள். படியில் காவடியோடு போகிறவர்களைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டே போனாள். கீழே இறங்கிய பிறகும் அந்தக் கயிற்றின் பக்கத்திலேயே நின்றாள். "இத்தாம் பெரிய மலையவே ஒரு கவுறு இழுத்துட்டுப் போவுது. நம்ம மலைக்கு ஒண்ணு போடக் கூடாதா?" என்று அப்பாவைக் கேட்டாள். ஏதோ அப்பா போட வேண்டியது பாக்கி என்பதைப் போன்ற குரல். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பழனியில் அந்தரத்தில் தொங்கிப் போகும் ரோப் கார் வந்தது 2004-ல். அப்போது ஆயா இல்லை.

இதையெல்லாம் கிளறிவிட்டது பீகாரில் இருக்கும் ராஜகிருகம், இன்றைய ராஜ்கிர். காசிக்குப் போய்விட்டு, கயாவில் முன்னோருக்குப் பிண்டம் வைத்தோம். பல்குனி ஆற்று மணல், விஷ்ணுபாதக் கோயிலின் எள் வாசனை, வேகமாக மந்திரம் சொல்லும் பண்டா புரோகிதர். "பேர்?" என்றார். வீட்டில் எல்லோருக்கும் ஆயா. ஊரில் இன்னார் அம்மா. அந்தக் கூட்டத்தில் அவள் பேரைச் சத்தமாகச் சொன்னேன். மறுநாள் வண்டிக்காரர் புத்தகயாவைக் காட்டிவிட்டு, "ராஜ்கிர்ல ரோப்வே இருக்கு, மலை உச்சியில புத்தர் கோயில்" என்று எங்களுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரியவைத்து அங்கே அழைத்துப் போனார்.

புத்தர் நமக்கு அயலார் இல்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் அவர் இருக்கிறார். ஆத்தூர் தாண்டித் தியாகனூரில் ஆளுயரத்துக்கும் மேலே கல்லில் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அவர் நடந்த மலைக்கு நாற்காலியில் போவோம் என்று நான் நினைத்ததில்லை.

ராஜகிருகத்தின் பழைய ரோப்வேயில் ஆளுக்கு ஒரு நாற்காலிதான். அது நிற்காது. குறி போட்ட இடத்தில் நாம் நிற்க வேண்டும். நாற்காலி பின்னாலிருந்து வந்து கால் மடிப்பில் இடிக்கும், உடனே உட்கார வேண்டும். பணியாள் ஓடி வந்து குறுக்குக் கம்பியை மாட்டிவிடுவார். அடுத்த நொடி தரை காலுக்குக் கீழே நழுவிவிடுகிறது. வெயிலில் காய்ந்த புதர், பாறை, சரிவில் ஆடு மேய்க்கும் பையன். ஒவ்வொரு கம்பத்தையும் தாண்டும்போது தலைக்கு மேலே சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போட்டு அடங்குகின்றன. எனக்கு முன் நாற்காலியில் ஒரு பீகார்ப் பாட்டி. தலைக்கு முக்காடு, கழன்றுவிடும் என்று செருப்பைக் கையில் பிடித்திருக்கிறாள். பயத்தில் கண்ணை மூடியிருந்தவள் பாதி வழியில் திறந்தாள். கழுத்தைத் திருப்பி, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த மகளிடம் என் தலைக்கு மேலாக ஏதோ கத்திச் சொன்னாள். மொழி புரியவில்லை. சந்தோஷம் முழுதாகப் புரிந்தது. கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

உச்சியில் ரத்னகிரி. வெள்ளை வெளேரென்று உலக அமைதி ஸ்தூபி. நிப்போன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானியப் புத்தச் சங்கத்தை நிறுவிய நிச்சிதாட்சு ஃபுஜி, வார்தாவில் காந்தியோடு தங்கியவர். ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு அமைதிக்கென்றே ஸ்தூபிகள் எழுப்பியவர். இங்கே 1965-ல் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அடிக்கல் வைக்க, 1969-ல் வி.வி.கிரி திறந்துவைத்தார். நாலு பக்கமும் பொன்னிறப் புத்தர்: பிறப்பு, ஞானம், போதனை, மறைவு. ரோப்வேயும் ஜப்பானியர் கொடுத்த கொடைதான். பக்கத்து மடத்தில் ஒரு பிக்கு பெரிய முரசைத் தட்டி, தாமரைச் சூத்திரத்தின் பெயரையே மந்திரமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊதுவத்தி வாசனை வேறு மாதிரி, கொஞ்சம் கசப்பாக. முரசின் அடி நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. எங்களூர்ப் பம்பைச் சத்தத்துக்கு உடம்பு எப்படி நிமிருமோ அப்படி நிமிர்ந்தது.

கொஞ்சம் கீழே கிருத்திரகூடம், கழுகுமலை. தாமரைச் சூத்திரத்தைப் புத்தர் அங்கேதான் உபதேசித்தார் என்பது மரபு. அதற்கு ஏறும் கல்பாதை பிம்பிசார ராஜா போட்டது. புத்தரைப் பார்க்க வந்த ராஜா வண்டியைவிட்டு இறங்கிய இடத்தில் ஒரு சின்ன ஸ்தூபி, கூட்டத்தை நிறுத்திவிட்டுத் தனியாக ஏறிய இடத்தில் இன்னொன்று இருந்ததாகச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்தார். மலையடிவாரத்தில் வைத்தியர் ஜீவகரின் மாந்தோப்பு. புத்தரைக் கொல்லத் தேவதத்தன் உருட்டிவிட்ட பாறையின் சில்லு பட்டு அவருக்குக் கால் புண்ணானபோது, பிக்குகள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் அங்கே வந்தார்களாம். மாந்தோப்பு என்று கேட்டதும் எனக்கு அரூர் ரோடு. கால் என்றதும் ஆயாவின் முட்டி. ராஜா நடந்து ஏறினார். புத்தரைத் தூக்கி இறக்கினார்கள். இரண்டும் அந்த மலைக்குச் சம்மதம். நடக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே மலை என்று எந்தச் சாமி சொல்லியிருக்கும்?

ராஜகிருகத்தில் 2021-லிருந்து எட்டுப் பேர் உட்காரும் மூடிய பெட்டிகளும் போகின்றன. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போகலாம். இங்கே நம் பக்கமும் 2024-ல் சோளிங்கருக்கு ரோப் கார் வந்துவிட்டது. 1305 படி ஏற முடியாமல் கீழேயே நின்றவர்கள் யோக நரசிம்மரை நேரில் பார்த்துவிட்டு வந்து அழுததைப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லக் கேட்டேன். அதே வருடம் குளித்தலைக்குப் பக்கத்தில் அய்யர்மலைக்கும் வந்தது. அங்கே 1017 படி. ரோப் கார் வந்தால் மலையின் புனிதம் போய்விடும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அடிவாரத்திலேயே சொம்போடு உட்கார்ந்திருந்த ஒருவர் இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

தீர்த்தமலைக்கு நான் கடைசியாகப் போனபோதும் படிதான். அரூரிலிருந்து காரிலேயே போய்விட்டோம். பஸ் ஸ்டாண்ட் வாசனை இல்லை. அனுமந்தீர்த்தம் பக்கம் போக நேரமில்லை என்றார்கள். சாப்பாடு ஓட்டலில் வாங்கிய பொட்டலம். என் மகள் என்னைவிட வேகமாக ஏறினாள். இறங்கி வருகிறவர்கள் இப்போதும் "இன்னும் கொஞ்சந்தான்" என்கிறார்கள், அது மாறவில்லை. நான் அவர்கள் ஊரைக் கேட்டேன். பாப்பிரெட்டிப்பட்டி என்றார்கள், கம்பைநல்லூர் என்றார்கள். மகள் மேலே நின்று "வாங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ராமர் தீர்த்தம் நூலாட்டம்தான் விழுந்தது. அதைச் சொல்லக் கீழே யாரும் காத்திருக்கவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து மூடி போட்டுவிட்டதால் தளும்பவும் இல்லை.

இறங்கும்போது அடிவாரத் திண்ணையில் நாலைந்து கிழவிகள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மேலே போயிருந்தார்கள். பாட்டிலை ஒரு கிழவியிடம் நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மேல கூட்டமா கண்ணு?" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, குருக்கள் கொடுத்த பூவிலிருந்து கௌரி தீர்த்தம்வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

இந்த மலைக்கு ஒரு கயிறு வர வேண்டும். படியும் இருக்கட்டும், மோர்க்காரரும் இருக்கட்டும், முட்டி நல்லா இருக்கிறவர்கள் ஊர் பேர் கேட்டுக்கொண்டே ஏறட்டும். திண்ணையில் இருக்கிறவர்களுக்கு ஒரு நாற்காலி வரட்டும். அது வரும்வரைக்கும் காத்திராதீர்கள். உங்கள் வீட்டில் மலையைப் பார்த்து பஸ்ஸிலேயே எழுந்து கும்பிடுகிற ஒருவர் இருந்தால், இந்த மாசிக்கே அழைத்துப் போங்கள். முதல் மண்டபம்வரை போனாலும் போதும். முதலில் அனுமந்தீர்த்தம், அவன் லேட்டாக வந்தவன், அவனை விட்டுவிட்டுப் போகக் கூடாது.