புளியங்கொட்டைக் கணக்கு



எங்கள் பிள்ளைகள் இருவரையும் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கிறோம் என்று கேள்விப்படுபவர்கள், எந்தப் பாடநூலைப் பின்பற்றுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கணக்குக்குப் பல்லாங்குழிப் பலகை என்று சொன்னதும் முகம் சற்று மாறிவிடுகிறது. "மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர் வீட்டில் விளையாட்டா?" என்று ஒரு பெரியவர் நேரிலேயே கேட்டார். அவர் கேட்டதில் குற்றமில்லை. மார்க்கத்தை முன்வைத்து எழும் கேள்விக்கு மார்க்கத்திலிருந்தே விடை சொல்வதுதான் முறை. (பிற்காலத் தேர்வுகளைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு: தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. அதைத் தனியே எழுத வேண்டும்.)

முதலில் எங்களுக்கு ஏற்பட்ட தேவையைச் சொல்லிவிடுகிறோம். மகனுக்கு ஐந்து வயது நிறைந்தபோது, ஒன்று முதல் நூறு வரை தடங்கலின்றி ஒப்பிப்பான். ஏழு பெரியதா, ஒன்பது பெரியதா என்று கேட்டால் உம்மாவின் முகத்தைப் பார்ப்பான். ஹிஃப்ழு வகுப்பு நடத்துவோருக்கு இது புதிய செய்தியன்று. நாவில் ஏறிவிட்ட காரணத்தாலேயே ஒன்று அறிவிலும் இறங்கிவிடுவதில்லை. அதற்கு வேறொரு பயிற்சி வேண்டியிருக்கிறது.

அந்தப் பயிற்சி உம்மம்மாவின் பழைய பலகையில் கிடைத்தது. பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டைகள். ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கைக்கொட்டை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெறுங்குழியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இடையே ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'; அந்தப் பக்கத்துக்கு உரியவர் எடுத்துக்கொள்வார்.

முதல் வாரம் அவன் ஒவ்வொரு குழியையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். பிறகு பார்த்த மாத்திரத்தில் ஐந்து, ஆறு என்று சொல்லத் தொடங்கினான். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், அள்ளப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இதை எடுத்தால் ராத்தாவுக்குப் பசு போய்விடும்" என்றான். எடுக்கும் முன்பே ஒவ்வொரு கொட்டையும் எங்கே விழும் என்று மனத்தில் இட்டுப் பார்த்திருக்கிறான். எந்தப் பயிற்சி ஏட்டிலும் அவனிடம் நாங்கள் இதைக் கண்டதில்லை.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். 'நர்த்' எனும் பகடை விளையாட்டை மிகக் கடுமையான உவமையுடன் கண்டிக்கும் நபிமொழி, புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பந்தயம் இல்லாவிட்டாலும் அது கூடாது என்பதே அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள் இதிலிருந்து ஓர் அளவுகோலை வகுத்தன: ஊகத்தையும் வாய்ப்பையும் நம்பிய விளையாட்டுகள் ஒரு வகை; கணக்கையும் சிந்தனையையும் நம்பியவை மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு உதாரணமாக, குழிகளில் கற்களை எண்ணி நகர்த்தும் 'மன்கலா'வை இப்னு ஹஜர் அல்ஹைதமி போன்றோர் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். நம் பல்லாங்குழி அதன் உடன்பிறப்புத்தான். அதைச் சதுரங்கத்தோடு சேர்த்தே பேசுகிறார்கள். ஆகவே விரும்பத்தக்கது என்று நாங்கள் மிகைப்படுத்தவில்லை. பந்தயம் சேர்ந்தாலோ தொழுகை தவறினாலோ சட்டமே மாறிவிடும்.

அந்த அளவுகோல் ஆசிரியருக்கும் உதவுகிறது. உறவினர் ஒருவர் பெருநாள் பரிசாக லூடோ பெட்டி கொண்டுவந்தார். "மாமா தந்ததை ஏன் விளையாடக் கூடாது?" என்று மகள் கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு, கூடாது என்பது மட்டும் விடையாகாது. "பகடையில் ஆறு விழ வேண்டுமென்றால் நீ என்ன யோசிக்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டோம். சிறிது நேரம் கழித்து, "யோசிக்க ஒன்றுமே இல்லையே" என்றாள்.

பெட்டியை வீணாக்கவில்லை. அட்டையின் பின்புறம் ஆடு புலி ஆட்டத்தின் கட்டத்தை வரைந்தோம். பதினாறு காய்களில் பதினைந்து ஆடுகளாயின. மூன்று பேரீச்சங்கொட்டைகள் புலிகளாயின. தனியே நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டும். பின்னால் இன்னொன்று நின்றால் தாண்ட முடியாது. "தொழுகையில் ஸஃப்பை நெருக்கி நிற்கச் சொல்வது மாதிரி" என்றாள் மகள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததன்று.

எல்லா நாளும் இவ்வளவு இனிமையாகப் போவதில்லை. ஒரு மாலை ஆட்டம் முடிந்து எண்ணியபோது 69 கொட்டைகளே இருந்தன. தொடர்ந்து மூன்று நாள் தோற்றிருந்தான் மகன். அவன் முழங்காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்த விதத்திலேயே அவனுடைய உம்மாவுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. "எழுபது வராமல் பலகையை மூட முடியாது வாப்பா, இன்னொரு தடவை எண்ணு" என்று மட்டும் சொன்னார். அவன் எண்ணினான். 69. மறுபடி எண்ணினான். மூன்றாம் முறை எழுபது வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கொட்டைப் பையை அவனிடமே அமானிதமாக ஒப்படைத்தோம். எடுக்கும்போதும் வைக்கும்போதும் இன்றுவரை அவனே எண்ணுகிறான்.

அதே பையிலிருந்துதான் ஜகாத்தும் புரிந்தது. நாற்பது கொட்டைகளை வரிசையாக வைத்து ஒன்றைத் தனியே ஒதுக்கச் சொன்னோம். ஒரு கொட்டை நூறு ரூபாய் என்றால் நாலாயிரத்துக்கு நூறு. மகளுக்கு வாரிசுரிமைப் பங்கும் காட்டினோம்: இறந்தவருக்கு மனைவி, தாய், ஒரு மகன் இருந்தால், 24 கொட்டைகளில் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3, தாய்க்கு ஆறில் ஒன்றாக 4, மீதி 17 மகனுக்கு. மத்ரஸாவின் பெரிய மாணவர்கள் பலகையில் கணக்கிட்டுத் திணறும் பாடம் இது. மறு வாரம் அவர்களுக்கும் ஒரு பை கொண்டுபோனோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், ஓதி முடித்த பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும் என்றும், தடுத்து ஓயாமல் படிக்கவே வைத்தால் அதன் உள்ளம் மடிந்து கூர்மை மழுங்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெரியவரிடம் இதையும் சொன்னோம். அவர் பலகையை இழுத்து, சிறுவயதில் ஆடிய ஞாபகத்தில் ஒரு குழியை அள்ளினார்.

எங்கள் வீட்டில் நேரம் அஸருக்குப் பின், மஃரிப் பாங்கு வரை. பாங்கு ஒலித்ததும் கையில் இருப்பதைக் குழியிலேயே போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். யாருடைய முறை என்ற தகராறு வராமலிருக்க, அந்தக் குழியின் ஓரத்தில் மகள் ஒரு பேரீச்சங்கொட்டையை வைத்துவிட்டு உளூச் செய்யப் போகிறாள்.