கிளட்ச் மிதிக்காத கியர்

கார் ஓட்டக் கத்துக்கிட்ட எல்லாருக்கும் முதல் நாளே சொல்லியிருப்பாங்க: கிளட்ச்ச முழுசா மிதி, அப்புறம் கியரைத் தொடு. மாத்திச் செஞ்சா கியர் பாக்ஸ் கத்தும், பக்கத்து சீட்ல இருக்குற டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரும் கத்துவார். அதனால நம்ம மனசுல கிளட்ச்சும் கியரும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி பதிஞ்சு போச்சு. ஆனா ஓடிட்டிருக்குற வண்டியில கிளட்ச்ச தொடாமலே கியர் மாத்தலாம். நாமக்கல்ல லாரி ஓட்டுற எங்க அப்பா இருபது வருஷத்துக்கு மேல அதைச் செய்றார். அது எப்படி முடியுதுன்னும், இனிமே அது எதுக்குன்னும் உங்ககிட்ட பேசலாம்னுதான் இதை எழுதறேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நான் படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம். கியர் பாக்ஸ் பத்தின பாடத்தையும் இங்கிலீஷ்லதான் படிச்சேன். தமிழ்ல எனக்குத் தெரிஞ்ச கியர் பாக்ஸ், லாரி ஷெட்டுல கேட்ட கியர் பாக்ஸ். அங்க யாரும் கிளட்சுக்கு அகராதிச் சொல் தேடினதில்ல. அதனால நானும் தேடல.

முதல்ல உள்ளே என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம். கியர் மாத்தறதுன்னா ஒரு பல்சக்கரத்தை நகர்த்தி இன்னொரு பல்சக்கரத்துல மாட்டறதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்கோம். ரொம்பப் பழைய வண்டிகள்ல அப்படித்தான் இருந்துச்சு. இப்போ ரிவர்ஸைத் தவிர மத்த எல்லா ஜோடிச் சக்கரங்களும் எப்பவுமே ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டேதான் சுத்தும். ஆனா ஒவ்வொரு ஜோடியிலயும் ஒரு சக்கரம் தன்னோட ஷாஃப்ட் மேல சும்மா, பிடிப்பே இல்லாம சுத்திட்டு இருக்கும். நீங்க லீவரைத் தள்ளும்போது ஒரு வளையம் நகர்ந்து வந்து, அந்தச் சும்மா சுத்துற சக்கரத்தை ஷாஃப்ட்டோட பூட்டுது. அவ்வளவுதான். கியர் போடறதுன்னா பூட்டுப் போடறது.

பூட்டு விழணும்னா ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல சுத்தணும். ஒரு சின்னக் கணக்கு. மூணாவது கியரோட விகிதம் 1.5, நாலாவது 1-ன்னு வச்சுக்குவோம். மூணாவதுல எஞ்சின் 2100 ஆர்பிஎம்ல ஓடுது. அதே சாலை வேகத்துல நாலாவது கியர் விழணும்னா எஞ்சின் 2100-ஐ 1.5-ஆல வகுத்த வேகத்துல, அதாவது 1400-ல இருக்கணும். நாலாவதுலேர்ந்து மூணாவதுக்கு இறங்கணும்னா இதே கணக்கு தலைகீழ். 1400-ல இருக்குற எஞ்சினை 2100-க்கு ஏத்தணும்.

இந்த வேலையை நமக்காகச் செய்யறதுதான் சிங்க்ரோமெஷ். கூம்பு மாதிரி ஒரு சின்னப் பித்தளை வளையம், பூட்டு விழறதுக்கு முன்னாடி உரசி ரெண்டு வேகத்தையும் சமமாக்கும். சமமாகுற வரைக்கும் பூட்டை உள்ளே விடாது. 1928-ல கேடிலாக் கார்ல இது முதல்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி கார் ஓட்டினவங்கள்ல நிறைய பேர் இந்தக் கணக்கைக் காலாலயும் காதாலயும் போட்டுட்டு இருந்தாங்க. கிளட்ச் மிதிச்சு நியூட்ரல், கிளட்ச் விட்டு ஆக்சிலேட்டர்ல ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் மிதிச்சு கியர். லாரிக்காரங்க பாஷையில டபுள் கிளட்ச். கார்ல அது போனதுக்கு அப்புறமும் லாரியில ரொம்ப நாள் இருந்துச்சு. எங்க அப்பா முதன்முதல்ல ஓட்டின லாரியில சிங்க்ரோமெஷ் கிடையாது.

டபுள் கிளட்ச் நல்லா வந்துட்டா, கிளட்ச்சே இல்லாம மாத்தறது அடுத்த படி. அப்பா செய்யறதை நான் பக்கத்துல உக்காந்து பாத்த வரைக்கும் அது மூணு அசைவு. எஞ்சின் வண்டியை இழுக்கும்போது பூட்டு இறுகிப் போயிருக்கும், கயிறு இழுக்கற போட்டியில கயிறு விறைச்சு நிக்குற மாதிரி. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினா, எஞ்சின் இழுக்கவும் இல்லாம வண்டியைப் பிடிக்கவும் இல்லாம ஒரு நொடி வரும். அந்த நொடியில லீவர் ரெண்டு விரலுக்கே நியூட்ரலுக்கு வந்துடும். அப்புறம் எஞ்சின் சத்தம் இறங்கறதைக் கேட்டுட்டே காத்திருப்பார். சத்தம் சரியான இடத்துக்கு வந்ததும் லீவரை அடுத்த கியர் பக்கம் லேசா சாய்ப்பார். தள்ள மாட்டார். கியர் தானா விழும். அமெரிக்காவுல பெரிய டிரக் ஓட்டறவங்களும் இதைத்தான் செய்யறாங்க. கியரை மிதக்க விடறதுன்னு அவங்க இதுக்குப் பேர் வச்சிருக்காங்க.

பைக் ஓட்டற உங்களுக்கு இது இன்னும் பக்கத்துல இருக்கு. பைக் கியர் பாக்ஸ்ல சிங்க்ரோமெஷ் இல்ல, நேரடிப் பூட்டுதான். ஆக்சிலேட்டரைச் சட்டுன்னு தளர்த்தி, கால்ல மேல தட்டினா கிளட்ச் இல்லாம அடுத்த கியர் போயிடும். விலை கூடின பைக்குகள்ல வர்ற குவிக்‌ஷிஃப்டர் செய்யறதும் அதுவே. லீவர்ல கால் பட்டதும் எஞ்சினோட இழுவையைக் கண் இமைக்கிற நேரத்துக்கு நிறுத்தி, பூட்டைத் தளர வைக்குது.

இதைப் படிச்சுட்டு வீட்டுக் கார்ல முயற்சி பண்ணலாம்னு கிளம்பாதீங்க. காரணம் இருக்கு. நீங்க கிளட்ச்ச மிதிச்சிருக்கும்போது அந்தப் பித்தளை வளையம் சமாளிக்க வேண்டியது கிளட்ச் தட்டையும் ஒரு ஷாஃப்ட்டையும் மட்டும்தான். மிதிக்காதபோது ஃப்ளைவீலோட முழு எஞ்சினையும் அது இழுத்து நிறுத்தணும். அதுக்காக அதைச் செய்யல. உங்க கணக்கு 200 ஆர்பிஎம் தப்பினாலும் தேயறது அந்த வளையம்தான்.

அப்பா ஓட்டறது முட்டை லோடு. நாமக்கல்லேர்ந்து கேரளாவுக்கு. ஒரு அட்டைக்கு 30 முட்டை, அட்டை மேல அட்டையா அடுக்கி லாரி முழுக்க. கியர் மாத்தும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்கினா அந்தக் கணக்கு திருச்சூர்ல இறக்கும்போது தெரியும். "வண்டிக்கே தெரியாம மாத்தணும் கண்ணு" அப்படிம்பார். பாடத்துல ரெண்டு பக்கமாச் சொல்றதை அவர் நாலு வார்த்தையில முடிச்சுடுவார்.

2019 மே மாச லீவுல அவரோட ஒரு டிரிப் போயிருந்தேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஆலத்தூர் பக்கம். கிளட்ச் பெடல் மிதிச்ச இடத்துலயே படுத்துக்கிச்சு. ஆயில் முழுக்க லீக். பின்னாடி முழு லோடு, காலையில அஞ்சு மணிக்குள்ள திருச்சூர்ல இறக்கணும். கிளீனர் அண்ணன் ஓரம் கட்டிடலாம்னார். அப்பா ஒண்ணும் சொல்லாம ஓட்டிட்டே இருந்தார். முன்னாடி போற வண்டிக்கு நிறைய இடம் விட்டு, நிக்கவே தேவையில்லாத மாதிரி ஊர்ந்து ஊர்ந்து, கியரை ஏத்தி இறக்கிட்டே போனார். ஒரே ஒரு இடத்துல நிக்க வேண்டி வந்துச்சு. எஞ்சினை அணைச்சு, முதல் கியரைப் போட்டுட்டு, அப்படியே ஸ்டார்ட்டரைத் திருகினார். வண்டி ஒரு எகிறு எகிறிக் கிளம்பிச்சு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அது பெரிய சித்திரவதை. ஆனா வேற வழி இல்ல.

நான் அசந்து போய் உக்காந்திருந்தேன். இவர் இப்படியே திருச்சூர் வரைக்கும் போயிடுவார்னு நம்பிட்டேன். அப்பா வடக்கஞ்சேரியில ஒரு ஒர்க் ஷாப் வாசல்ல வண்டியை விட்டு இறங்கிட்டார். அதுக்கு அப்புறம் குதிரான் மேடு. 2021 ஜூலையிலதான் அங்க முதல் சுரங்கப்பாதையைத் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி எல்லா லாரியும் அந்த மேட்டுல ஏறித்தான் போகணும். ஜாம் ஆனா ஏத்தத்துல நின்னு நின்னு எடுக்கணும். கிளட்ச் இல்லாம அங்க நின்னா பின்னாடி வர்றவன் கதி என்ன? முதலாளி போன்ல கத்தினார். அப்பா "விடியட்டுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். லோடு ஆறு மணி நேரம் லேட். வாடகையில பிடிச்சாங்க. கிளட்ச் இல்லாம ஓட்டத் தெரிஞ்சது அந்த ராத்திரியில பாதி வித்தைதான். எந்த இடத்துல ஓட்டக் கூடாதுன்னு தெரிஞ்சது மீதிப் பாதி.

இப்போ அப்பாவுக்கு 52 வயசு. இடது முட்டி போயிடுச்சு. படியில இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கால் ஒரு காலா இறங்கறார். கிளட்ச் மிதிக்கிறதைக் குறைங்கன்னு டாக்டர் சொன்னார். லாரி டிரைவர்கிட்ட அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? "நான் பாதி நேரம் மிதிக்கறதே இல்லீங்க டாக்டர்"னு சிரிச்சுட்டு வந்துட்டார்.

அந்தப் பதிலை நான் சும்மா விடல. போன தீபாவளி லீவுல கூடப் போய் எண்ணினேன். ஹைவேயில ஓடும்போது அவர் சொன்னது நிஜம், ஒரு மணி நேரத்துல 9 தடவைதான் மிதிச்சார். ஆனா வாளையார்ல வரிசையில நின்னப்போ 40 நிமிஷத்துல 118 தடவை. நிக்கிற வண்டியை நகர்த்தக் கிளட்ச் வேணும். அதுக்கு எந்த வித்தையும் கிடையாது. வித்தை காப்பாத்தறது நல்ல ரோட்டுல. முட்டியைத் தின்னறது ஜாம்ல. அந்த நம்பரைக் காட்டினேன். அவர் பாத்துட்டு போனைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

இதுக்குத் தீர்வு இருக்கு, பேர் ஏஎம்டி. 2014-ல மாருதி செலேரியோல வந்தப்போ நம்ம ஊர்ல எல்லாரும் பேசினோமே, அதே விஷயம். கியர் பாக்ஸ் சாதா மேனுவல்தான், கிளட்ச்சையும் லீவரையும் மட்டும் கம்ப்யூட்டர் அசைக்குது. லாரியிலயும் வந்தாச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விவரம்: வால்வோ 2001-ல கொண்டு வந்த ஐ-ஷிஃப்ட் கியர் பாக்ஸோட முக்கியப் பகுதியில சிங்க்ரோமெஷ் கிடையாது. எஞ்சின் வேகத்தை கம்ப்யூட்டரே துல்லியமா ஏத்தி இறக்கிச் சமமாக்கிடறதால அந்த வளையம் தேவைப்படல. கிட்டத்தட்ட முக்கால் நூற்றாண்டு சுத்திட்டு, பழைய டிரைவர்களோட முறைக்கே வந்து நிக்குது. கேக்கறதுக்கு மட்டும் காதுக்குப் பதிலா சென்சார்.

முதலாளி அடுத்த மாசம் ஏஎம்டி லாரி ஒண்ணு எடுக்கறார். ரெண்டே பெடல். அதை அப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லி நான் போய்ப் பேசினேன். அவரும் சரின்னுட்டார். அப்பாவுக்குத்தான் அரை மனசு. ரெண்டு நாள் கழிச்சுக் காரணத்தைச் சொன்னார். "முட்டை லோடுன்னா என்னைக் கூப்பிடறான். எதுக்கு? குலுங்காம கொண்டு போவேன்னு. அந்த வண்டியில யார் உக்காந்தாலும் குலுங்காதுல்ல?"

எனக்கு உடனே பதில் வரல. அவர் சொல்றது சரி. மேனுவல் ஓட்டறதுதான் கெத்துன்னு நம்ம ஹாஸ்டல்ல பேசறவங்க யாரும் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கிளட்ச் மிதிக்கறவங்க இல்ல. ஏஎம்டிதான் எதிர்காலம்னு பேசற நாமளும் அந்தத் திறமையை நம்பி சம்பளம் வாங்கறவங்க இல்ல. ரெண்டு பக்கமும் பேசறது சுலபம்.

கடைசியா நான் சொன்னது இதுதான்: "ஆலத்தூர்ல வண்டி ஓட்டினது உங்க கால். வடக்கஞ்சேரியில நிறுத்தினது கால் இல்லப்பா. அது எந்த வண்டிக்கும் வேணும்." அவர் உம் கொட்டலை. ஆனா மறுநாள் காலையில, அந்தப் புது வண்டி ஏத்தத்துல நின்னா பின்னாடி உருளுமா, உருளாம எவ்வளவு நேரம் பிடிக்கும்னு என்கிட்ட கேட்டார்.

நோட்டை எடுத்துட்டுப் போய் உக்காந்தேன். படம் போட்டு விளக்க ஒன்றரை மணி நேரம் ஆச்சு. நடுவுல அவர் கேட்ட மூணு கேள்வி எந்தப் பாடத்துலயும் இல்ல. அதுக்குப் பதில் தேடிட்டு இருக்கேன். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற யாருக்காவது தெரிஞ்சா ஹாஸ்டல் பக்கம் வாங்க, உக்காந்து பேசலாம்.