சுழலும் தட்டு

எச்சில், தீட்டு என்னும் இரு சொற்களையும் நம்மவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றனர். முன்னது வாயைப் பற்றியது. பின்னது பிறப்பைப் பற்றியது. முன்னதற்கு மருத்துவர் துணை நிற்பார். பின்னதற்கு எவர் துணை நிற்பார்? ஆயினும், பின்னதை வெளியே சொல்ல நாணுவோர் முன்னதன் மறைவில் ஒளிந்துகொள்வதை யாம் பன்முறை கண்டிருக்கிறோம்.

சீனர் விருந்து முறையைப் பாருங்கள். வட்ட மேசை, நடுவே பொதுக் கலங்கள், சுற்றி அமர்ந்தோர் யாவரும் அவற்றினின்றே எடுத்து உண்பர். தத்தம் குச்சியையே பொதுக் கலத்தில் இடுவது பழைய வழக்கம். அதனால் காசநோய் பரவும் என்று அஞ்சினார், 1879-இல் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென் தே. 1910–11-இல் மஞ்சூரியாவைச் சூறையாடிய நுரையீரல் பிளேக்கை அடக்கியவர் இவரே. ஒருசாராரை வேறு பந்திக்கு அனுப்புமாறு அவர் சொன்னாரோ? இல்லை. மேசை நடுவே சுழலும் தட்டொன்றை வைத்து, கலந்தோறும் பொதுக் கரண்டி இடுக என்று 1915-ஆம் ஆண்டளவில் எழுதினார்.

நம்மவர் அக்காலத்தில் செய்தது என்ன? பொதுப்பணத்தில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி வைத்து, 1924-25-இல் நாடே கொதிக்கும்படி செய்தனர். எந்தச் சிறுவனுக்குக் காசநோய் என்று சோதித்தா அப்பந்தியைப் பிரித்தார்கள்? தென்னிந்திய இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்கெனத் தனியிடம் ஒதுக்கிய வழக்கம் ஒழிந்ததும் 1941-இல் தான்.

கடல் கடந்தும் அந்நோய் எம்மை விட்டபாடில்லை. யாம் வாழும் செடெனாக், ஜொகூர் மாநிலத்துக் கூலாய் மாவட்டத்தில் உள்ள சிற்றூர். முன்பு ரப்பர், பின்பு செம்பனை. இன்றோ தொழில்நுட்பப் பூங்காவும் தரவு நிலையங்களும் எழுந்துவிட்டன. எம் பெரியம்மா மட்டும் எழவில்லை. அவர் பேத்தி ஒரு பிள்ளையை விரும்பினாள். நல்ல பிள்ளை, நல்ல வேலை, இதே தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களின் பேரன். “கல்யாணம் நடக்கட்டும்; அவர்கள் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன்” என்றார் பெரியம்மா.

ஆகவே இரு வீட்டாரும் கூட எவர் வீடும் ஆகாமல், ஜொகூர் பாருவில் புதுமுறைச் சீன உணவகம் ஒன்றை மணப்பெண்ணே தேர்ந்தாள். சீனர் சமைத்ததில் தீட்டில்லையாம்! இந்தக் கணக்கு எமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

மங்கிய விளக்கொளியில் சுழல்தட்டு நிறைந்தது: இஞ்சியிட்டு ஆவியில் வெந்த மீன், வாட்டிய வாத்து, பூண்டிட்ட கீரை. இளைஞர் முன் காக்டெயில் என்னும் கலவை மது, லிச்சிப் பழம் மிதக்க வந்து நின்றது. 1947-இல் கெடாவில் கள்ளுக்கடையை எதிர்த்த தொண்டர் படையினர் போலீசாரிடம் அடிபட்ட கதையை யாம் எடுத்தோம். கேட்பாரில்லை. தகரக் குவளையில் குடித்தால் இழிவு, பழம் மிதந்தால் நாகரிகம் போலும்!

“எல்லாரும் ஒரே தட்டிலா? எச்சில் அல்லவா, தம்பி?” என்று பெரியம்மா எம் காதில் கேட்டார். பரிமாறிய பெண், கலந்தோறும் இருந்த பொதுக் கரண்டியைக் காட்டினாள். பெரியம்மாவுக்கு அந்தச் சொல்லும் கைவிட்டுப் போயிற்று.

பிள்ளையின் தாயார் மீனில் சிறிது எடுத்துக்கொண்டு, தட்டை மெல்லச் சுழற்றி, அக்கலத்தைப் பெரியம்மாவுக்கு நேரே நிறுத்தினார். “சூடு ஆறுமுன் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா” என்றார். கரண்டியின் காம்பு இப்பொழுதுதான் அவர் கைவிட்டது. யாவரும் வாத்தைப் பார்ப்பதுபோல் பெரியம்மாவின் கையையே பார்த்திருந்தோம்.

சற்று நேரங்கழித்து எடுத்தார், சிறு துண்டுதான். பிறகு எவரையும் நோக்காமல் சொன்னார்: “எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு தகரக் குவளை தொங்கும். உன் மாமியாருக்கு அதில்தான் தண்ணீர் ஊற்றுவேன்.”

“தெரியும் அம்மா. அவர் சொல்லியிருக்கிறார்” என்றார் அவ்வம்மையார், கீரைக் கலம் வரும்படி தட்டை மீண்டும் திருப்பினார்.

அடுத்த திங்கள் பிள்ளை வீட்டில் விருந்து. வருவதாகப் பெரியம்மா இன்னும் வாக்களிக்கவில்லை. அங்கே என்ன சமைப்பார்கள் என்று மட்டும் பேத்தியிடம் விசாரித்திருக்கிறார்.