வண்டியின் மூளை

அண்ணாமலை நகரில் வாழும் எம் சிற்றப்பாவுக்குப் பரங்கிப்பேட்டை மீனைப் பிக்கப் வண்டியிற் சிதம்பரத்திற்கு ஏற்றி வருவதே பிழைப்பு. 2024 நவம்பர் 30-இல் புதுவைக்கருகே கரைகடந்த பெஞ்சல் புயலின் பெருமழைக்குப் பின், ஒரு விடியலில் அவ்வண்டி கிளம்பாது நின்றுவிட்டது.

மெக்கானிக் தம் ஸ்கேனரைப் பொருத்தினார், இ.சி.எம். விடையளிக்கவில்லை. சென்சார்களின் செய்தியைக் கொண்டு, எத்துணை டீசலை எக்கணத்திற் செலுத்துவதென முடிவு செய்யும் மூளை அப்பெட்டியே. "உடனே மாற்றிவிடுங்கள்" என்றோம். அவரோ பாட்டரி, ஃபியூஸ், எர்த் கம்பி என ஒவ்வொன்றாய் அளந்து அரைநாள் போக்கினார். கூலியை மிகுப்பதற்கே இத்தாமதமென எம் உள்ளம் ஐயுற்றது.

"தம்பி, எர்த் விட்டிருந்தால் புதுப்பெட்டியும் ஊமையாகத்தான் கிடக்கும். சித்தியின் வளையலை வீணாக அடகு வைக்கலாமா?" என்றார்.

கம்பிகளிற் குறையில்லை. பாட்டரி இணைப்பை விலக்கிப் பெட்டியைக் கழற்றினார். நீர் புகுந்து ஊசிகளிற் பச்சைக் களிம்பேறியிருந்தது. விலை குறைந்த பழைய பெட்டி போதாதோ என்றோம். "அது வேறு வண்டியின் சாவியையே அறியும்" என்றார். புதியதில் வண்டியின் அடையாள எண்ணையும் இன்ஜெக்டர்களின் குறியெண்களையும் பதித்து, சாவியையும் அறிமுகப்படுத்தினார். வண்டி முழங்கிற்று. பின்னர், நீர் புகுந்த கிழிந்த ரப்பரையும் மாற்றினார்.

நோயின் காரணத்தை ஆராய்ந்தே மருந்து செய்க என்னும் வள்ளுவர் கருத்தை யாம் உரையோடு கற்றவர்கள். அவரோ அதனைச் செய்துகாட்டியவர். எம் ஐயத்தை அவரிடம் கூறி மன்னிப்பு வேண்ட நா எழவில்லை. இவ்வெழுத்து அதற்கு ஈடாகுக.